கடைக்காரரிடம் இல்லாத காகிதம்

மதுரை மாசி வீதிகளுக்குப் பக்கத்தில் ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பெரிய கம்பெனிக் கணக்கு எங்களிடம் குறைவு. பலசரக்குக் கடை, தையல் கடை, ஜெராக்ஸ் கடை, டிபன் கடை வைத்திருப்பவர்கள்தான் அதிகம் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் அநேகமாக ஒரே கேள்வி: "அண்ணே, எவ்வளவு வரி கட்ட வேண்டியிருக்கும்?"

தொகையைச் சொன்னதும் பலருக்கு முகம் தெளிந்துவிடும். சரக்கு விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவை. தாண்டினாலும் ஒன்றரைக் கோடி வரை காம்போசிஷன் என்ற எளிய வரி முறையில் சேர்ந்து விற்றுமுதலில் 1 சதவீதம் கட்டலாம். அந்த ஒரு சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வசூலிக்கக் கூடாது. மாநகராட்சிக்குக் கட்டும் தொழில் வரிக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று அரசியலமைப்புச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. சின்ன உணவுக் கடையின் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கு வருடத்துக்கு 100 ரூபாய். சிறு தொழில்களுக்கு மத்திய அரசு தரும் உத்யம் பதிவு முழுக்க இலவசம். அரசுத் தளம் மாதிரியே இருக்கும் தனியார் தளங்களில் அதற்கும் பணம் கட்டிவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

ஆக, இவர்களை முடக்குவது வரித்தொகை இல்லை. முதலில் கேட்கிற காகிதமே கையில் இருக்காது. அதுதான் வாடகை ஒப்பந்தம்.

ஒரு வீட்டின் முன் அறையை வாடகைக்கு எடுத்துத் தையல் கடை தொடங்க இருந்த ஓர் அக்கா வந்தார். பவர் மெஷின் இரண்டும் ஓவர்லாக் மெஷின் ஒன்றும் வாங்க வேண்டும், பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கடன் கிடைக்குமா என்று கேட்டார். நகர்ப்புறத்தில் பெண்களுக்கு அதில் 25 சதவீதம் மானியம் உண்டு. தொழில் தெரிந்தவர், வாடிக்கையாளரும் இருக்கிறார்கள். ஆனால் கடை அந்த இடத்தில்தான் நடக்கப் போகிறது என்று காட்ட அவரிடம் எதுவுமே இல்லை. மாநகராட்சியில் தொழில் உரிமத்துக்குப் போனால் கட்டடத்தின் சொத்து வரி ரசீதையும் ஒப்பந்தத்தையும் கேட்கிறார்கள். அட்வான்ஸ் வாய்வார்த்தையில் கொடுத்தது, வாடகை மாதாமாதம் ரொக்கம். உரிமையாளரிடம் ஒப்பந்தம் கேட்டதற்கு, "அதெல்லாம் வேணாம்மா, இஷ்டமிருந்தா இரு" என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். கெட்ட மனிதர் இல்லை, பயந்திருந்தார். கட்டடம் குடியிருப்பு என்றுதான் வரிப் பதிவில் இருக்கிறது. கடை என்று காகிதத்தில் ஏறினால் அந்தப் பகுதிக்கு வணிகக் கட்டடத்துக்கான சொத்து வரி வரும். 2022இல் சொத்து வரியை உயர்த்தியபோது வணிகக் கட்டடங்களுக்கு ஒரே அடியாக 100 சதவீதம் ஏறியது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அடுத்தது மின் இணைப்பு. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், கடைக்கு அது கிடையாது, கட்டணமும் அதிகம். ஓய்வூதியத்தோடு இந்த வாடகையையும் வைத்துக் குடும்பம் நடத்துகிறவருக்கு இதெல்லாம் சின்ன விஷயம் இல்லை.

வணிகக் கட்டடத்துக்கான அந்தச் சொத்து வரி முழு வீட்டுக்கும் வராது, அந்த அறையின் சதுர அடிக்கு மட்டும்தான் என்பது அவருக்குத் தெரியாது. கணக்குப் போட்டுக் காட்டினேன். கூடுதல் வரியையும் தனி மின் மீட்டருக்கான செலவையும் அக்காவே ஏற்றுக்கொள்கிறேன் என்றார். அப்புறம்தான் பெரியவர் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்துக்குப் பிறகு உரிமம், உத்யம், வங்கிக் கணக்கு எல்லாம் வரிசையாக நடந்தன. மானியம் கையில் வராது, வங்கியிலேயே மூன்று வருடம் வைப்பாக இருந்துவிட்டு அப்புறம்தான் கடனில் கழியும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இதைச் சொல்லாமல் விட்டால் பிறகு மனத்தாங்கல் வரும்.

விதி போடுகிறவர்கள் இந்த வாடகை விஷயத்தைக் கவனிப்பதே இல்லையோ என்று தோன்றும். 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவில்லாதவரிடம் கடை எடுத்திருக்கும் பதிவு பெற்ற வியாபாரி வாடகைக்கு 18 சதவீத வரியைத் தானே கட்ட வேண்டும் என்று விதி வந்தது. காம்போசிஷன்காரர் அதை உள்ளீட்டு வரியாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, திரும்ப எடுக்க முடியாது, முழுக்கக் கைநஷ்டம். 2025 ஜனவரியில் அவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் நடுவில் இருந்த மாதங்களில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர்கள் பட்ட கலக்கம் கொஞ்சநஞ்சமில்லை. சிலர் பதிவையே ரத்து செய்யலாமா என்று கேட்டார்கள்.

உரிம முகாம், கடன் முகாம் என்று நடத்துகிறார்கள். அங்கே வருகிறவர்கள் கடைக்காரர்கள் மட்டும்தான். இனி அந்த வார்டில் கடைக்கு அறை விட்டிருக்கும் வீட்டுக்காரர்களையும் அழைத்து உட்கார வையுங்கள். அந்த அறைக்கு மட்டும் எவ்வளவு வரி கூடும் என்பதை மாநகராட்சி அதிகாரியே எழுதிக் கொடுக்கட்டும். மின்வாரியத்திலிருந்தும் ஒருவர் வரட்டும். இதற்குப் புதுத் திட்டமோ தனி நிதியோ தேவையில்லை.