பெயின்ட் அடிப்பதற்கு முன்

எஃகுக் கட்டமைப்புகளிலும், பாலத்தைத் தாங்கும் உத்தரங்களான கர்டர்களிலும் தரச் சோதனை செய்பவர்களிடம் பட்டறையில் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு: "வெல்டிங் பார்க்க அழகாகத்தானே இருக்கிறது, பிறகு எதற்கு இத்தனை பதிவேடுகள்?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு பிளேட்டின் நீளத்தை அளந்து பார்த்துச் சரியா தவறா என்று சொல்லிவிடலாம். முடிந்துபோன வெல்டையும் இறுக்கி முடித்த போல்ட்டையும் அப்படிச் சொல்லிவிட முடியாது; அவற்றின் தரத்தைத் தீர்மானித்த காரணங்களில் பெரும்பாலானவை வேலை முடிந்த கணத்திலேயே மறைந்துவிடுகின்றன. வெல்டிங், போல்ட் விதிகளில் பாதிக்கு மேல் வேலைக்கு முன்பும் வேலையின்போதும் கவனிக்க வேண்டியவற்றைப் பற்றியே பேசுவதற்கு இதுதான் காரணம் என்பது என் கருத்து.

உருகி இணைப்பை நிரப்பும் கம்பியான வெல்டிங் ராடிலிருந்தே தொடங்கலாம். பாலங்களில் பரவலாகப் பயன்படும் இ7018 என்ற வகை ராடின் மேற்பூச்சு ஈரத்தை எளிதில் உறிஞ்சக்கூடியது. அந்த ஈரம் ராடுக்கும் பிளேட்டுக்கும் இடையே எரியும் மின்வில்லின் வெப்பத்தில் பிரிந்து, ஹைட்ரஜனாக உருகிய உலோகத்துக்குள் நுழைகிறது. வெல்ட் ஆறும்போது பக்கத்திலுள்ள எஃகு விரைவாகக் குளிர்ந்து கடினப்பட்டிருந்தால், சுருங்குவதால் எழும் இழுவிசையும் சேர்ந்துகொள்ள, சில மணி நேரம் கழித்தோ ஓரிரு நாள் கழித்தோ அங்கே விரிசல் விழுகிறது. வேலை முடிந்த மாலையில் சோதித்து "சரி" என்று எழுதப்பட்ட வெல்டில் மறுநாள் விரிசல் இருப்பது இப்படித்தான். அதிக வலிமையுள்ள எஃகுகளுக்கு, வெல்டிங் முடிந்து 48 மணி நேரம் கழிந்த பின்னரே இறுதிச் சோதனை என்று விதி வைத்திருப்பதும் இதற்காகவே. டப்பாவைத் திறந்தவுடன் ராடை 120 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத ஓவனில் வைக்க வேண்டும். வெளியே எடுத்தால் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். நேரம் கடந்தவற்றை ஒரே ஒரு முறை மீண்டும் உலர்த்தலாம். நனைந்துவிட்டதைத் தூக்கி எறிய வேண்டும். இவற்றில் எதையும் வெல்டின் முகத்தைப் பார்த்துச் சோதிக்க வழியில்லை. ஆகவே, ஒரு பட்டறைக்குள் போனவுடன் வெல்டைப் பார்ப்பதற்கு முன் நான் பார்ப்பது ஓவன் மின் இணைப்பில் இருக்கிறதா என்பதைத்தான்.

ப்ரீஹீட்டும் இதே கணக்கில்தான் வருகிறது. தடித்த பிளேட் வெப்பத்தை வேகமாக இழுத்துக்கொள்வதால் வெல்டின் ஓரம் சட்டென்று குளிர்கிறது. முன்கூட்டியே சூடேற்றினால் குளிரும் வேகம் தணிந்து, ஹைட்ரஜன் வெளியேற அவகாசம் கிடைக்கிறது. எவ்வளவு சூடு என்பதைப் பிளேட்டின் தடிமனும் எஃகின் வேதியியலும் தீர்மானிக்கின்றன. கார்பனோடு மாங்கனீசின் ஆறில் ஒரு பங்கையும், குரோமியம், மாலிப்டினம், வனேடியம் ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கையும், நிக்கல், செம்பு ஆகியவற்றின் கூட்டுத்தொகையில் பதினைந்தில் ஒரு பங்கையும் சேர்த்தால் வருவது கார்பன் சமான மதிப்பு. அது உயர உயர எச்சரிக்கையும் உயர வேண்டும். சுடர் பட்ட இடத்திலேயே குறித்த சூட்டில் உருகும் வெப்பச் சாக்பீஸை வைத்துப் பார்ப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். இணைப்பிலிருந்து குறைந்தது 75 மில்லிமீட்டர் தள்ளி, பிளேட் அதைவிடத் தடிமனாக இருந்தால் அந்தத் தடிமன் அளவுக்குத் தள்ளி, எல்லாப் பக்கமும் அந்தச் சூடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் மிகையான எச்சரிக்கை என்று நினைப்பவர்களுக்கு மெல்போர்னின் கிங்ஸ் பாலம் போதுமான பதில். 1961இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் ஒரு பகுதி, 1962 ஜூலை 10 அன்று குளிர்ந்த காலை நேரத்தில், 45 டன் எடையுள்ள ஒரு வாகனம் கடந்தபோது உடைந்து தொய்ந்தது. கர்டரின் கீழ் ஃப்ளாஞ்சில், அதாவது அடிப்பட்டையில், கூடுதல் வலிமைக்காக வெல்ட் செய்யப்பட்ட கவர் பிளேட் முடியும் இடத்தில், குறுக்காகப் போட்ட ஃபில்லட் வெல்டின் (இரு பிளேட்டுகள் சேரும் மூலையை நிரப்பும் வெல்ட்) ஓரத்திலிருந்து விரிசல்கள் கிளம்பியிருந்தன. அதிக வலிமை கொண்ட, வெல்டிங்குக்கு எளிதில் இணங்காத எஃகு அது. நீளவாட்டு வெல்டுகள் முடிந்து பிளேட் அசைய இடமில்லாத நிலையில் குறுக்கு வெல்ட் போடப்பட்டது. விரிசல்களில் சில பட்டறையிலேயே உண்டாகி, சோதனையில் தப்பி, பெயின்ட்டுக்கு அடியில் மறைந்துபோயிருந்தன. அடியிலிருந்த சுவர்கள் பாலத்தைத் தாங்கிக்கொண்டதால் உயிர்ச்சேதம் நேரவில்லை.

பாலத்தில் சுமை ஒரு முறை ஏறி நின்றுவிடுவதில்லை; லட்சக்கணக்கான முறை ஏறி இறங்குகிறது. கட்டடத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு குறைகள் பாலத்தில் விரிசலுக்கு வித்தாவதற்கு அதுவே காரணம். பொருத்தும் வசதிக்காக இழுவிசை தாங்கும் ஃப்ளாஞ்சில் ஒரு சிறு துண்டைத் தற்காலிகமாக டாக் வெல்ட் செய்துவிட்டுப் பிறகு தட்டி எடுத்துவிடுவது, ராடைப் பிளேட்டில் உரசி வில்லைப் பற்றவைப்பது ஆகிய இரண்டும் பட்டறையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பழக்கங்கள். அந்தப் பயறளவுத் தழும்புக்கு அடியில் ப்ரீஹீட் இல்லாமல் கடினப்பட்ட எஃகு இருக்கிறது. அதை விசை ஓடும் திசையிலேயே கிரைண்ட் செய்து, காந்தப்புலத்தில் இரும்புத்தூள் தூவி விரிசலைக் காட்டும் காந்தத் துகள் சோதனையில் விரிசல் இல்லை என்று கண்ட பிறகுதான் விட வேண்டும்.

கூடுதலாக வெல்ட் போட்டால் கூடுதல் பலம் என்ற நம்பிக்கையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 6 மில்லிமீட்டர் ஃபில்லட்டுக்குப் பதில் 8 போட்டால் பலம் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, உலோகமோ ஏறக்குறைய 78 சதவீதம் கூடுகிறது. சுருக்கமும் பிளேட்டின் கோணலும் அதோடு சேர்ந்து வளர்கின்றன.

போல்ட்டுக்கு வருவோம். உராய்வால் சுமை தாங்கும் இணைப்பில், போல்ட் பிளேட்டுகளை நெருக்கிப் பிடிக்கும் விசைதான் வேலை செய்கிறது. 8.8 என்ற உயர்வலிமைத் தரத்து எம்20 (20 மில்லிமீட்டர் விட்டமுள்ள) போல்ட்டில் அந்த விசை ஏறக்குறைய 137 கிலோநியூட்டன், அதாவது சுமார் 14 டன் எடைக்குச் சமம். இறுக்கிய பின் போல்ட்டைப் பார்த்து அது 14 டன்னில் இருக்கிறதா நான்கு டன்னில் இருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. திருப்பும் முயற்சியை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் சொல்லும் எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. திருப்பும் முயற்சியில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மழையில் நனைந்து மசகு போன நட் அதே எண்ணைக் காட்டிக்கொண்டே பாதி இழுவிசையில் நின்றுவிடும். அட்டவணையிலிருந்து டார்க் எண்ணை எடுத்து இறுக்காமல், அன்றைய போல்ட்டையும் அன்றைய ரெஞ்சையும் இழுவிசை அளக்கும் கருவியில் வைத்துச் சரிபார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்பது இதனால்தான்.

எனக்குப் பிடித்தது நட்டைச் சுற்றும் முறை. முதலில் இணைப்பின் விறைப்பான பகுதியிலிருந்து ஓரத்தை நோக்கி எல்லா போல்ட்டுகளையும் பிளேட்டுகள் நன்றாகப் படியும் வரை இறுக்க வேண்டும். பிறகு நட், போல்ட் முனை, பிளேட் மூன்றிலும் ஒரே கோடாகக் குறி போட வேண்டும். போல்ட்டின் நீளம் விட்டத்தைப்போல் நான்கு மடங்கு வரை என்றால் மூன்றில் ஒரு சுற்று, எட்டு மடங்கு வரை என்றால் அரைச் சுற்று. கோடு எவ்வளவு விலகியிருக்கிறது என்பது பின்னால் வருபவருக்கும் தெரியும். இறுக்கிய போல்ட் விட்டுச்செல்லும் சாட்சியம் அனேகமாக அது ஒன்றுதான். ஆனால் முதல் கட்டத்தில் பிளேட்டுகளுக்கு இடையே இடைவெளி இருந்திருந்தால் அந்தச் சுற்று முழுவதும் இடைவெளியை மூடுவதிலேயே செலவாகிவிடும், குறியோ சரியாகவே தெரியும். தொடும் பரப்பில் சோதித்துத் தேர்ந்த பூச்சைத் தவிர வேறு பெயின்ட் வழிந்திருந்தாலும் இதே கதைதான்: இழுவிசை இருக்கும், உராய்வு இருக்காது.

வெல்டில் தொல்லை தரும் ஹைட்ரஜன் போல்ட்டையும் விடுவதில்லை. ஏ490 என்ற மிக உயர்ந்த வலிமைத் தர போல்ட்டுகளைச் சூடான துத்தநாகத்தில் முக்கிப் பூச்சு ஏற்றக் கூடாது என்ற தடையின் பின்னால் இருப்பது அந்த அச்சமே. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், துத்தநாகப் பூச்சு ஏற்றிய மூன்று அங்குல விட்டமுள்ள உயர்வலிமை நங்கூரத் தண்டுகள் 2013 மார்ச்சில் இழுத்து இறுக்கப்பட்டன. அடுத்த சில நாட்களில் 96இல் 32 தண்டுகள் முறிந்தன. பொருத்தியிருந்த குழிகளில் பல ஆண்டுகளாகத் தண்ணீர் தேங்கியிருந்தது. எளிதில் பாதிக்கப்படும் கடினமான எஃகு, ஹைட்ரஜன், நீடித்த இழுவிசை என்று வெல்ட் விரிசலுக்குத் தேவையான அதே மூன்றும் அங்கே ஒன்றுசேர்ந்திருந்தன. அந்தத் தண்டுகளை வெளியே எடுத்து மாற்றுவதற்கு வழியில்லாத அமைப்பு அது. ஆகவே அவை செய்ய வேண்டிய வேலையைச் செய்ய எஃகுச் சேணம் ஒன்றைத் தனியாக வடிவமைத்து, கான்கிரீட்டில் புதைத்துப் பொருத்தினார்கள்.