கரையில் ஒதுங்கும் புல் சேமிப்பு ஆகாது

வாடைக் காலத்தில் தேவிபட்டினம், தொண்டிக் கரைகளில் கடற்புல் குவியல் குவியலாக ஒதுங்கும். இதை வைத்துக் கார்பன் சேமிப்பை மதிப்பிடக் கூடாது. ஒதுங்கிய புல் மக்கும்போது, இழுத்த கரியமில வாயுவில் பெரும்பகுதி காற்றுக்கே திரும்பிவிடும். நிற்பது அடிச்சேற்றில் புதைந்த வேர்த்தண்டும், இலைகள் தடுத்து இறக்கிய நுண்துகளும்தான். உலகக் கடலடியில் 0.2 சதவீதம்கூட இல்லாத புல்வெளி, ஆண்டுதோறும் கடலில் புதையும் கரிமக் கார்பனில் (உயிர்ப்பொருளிலிருந்து வந்த கார்பன்) சுமார் 10 சதவீதத்தைப் புதைக்கிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

கடலில் உயிர் விளைச்சல் கூடினால் உயிர்ப்பன்மையும் கூடும், சேமிப்பும் கூடும் என்று நினைத்துவிடுகிறோம். 2019 செப்டம்பரில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, பச்சையாக மாறியது. காரணம் நாக்டிலூகா என்ற கடல் நுண்ணுயிர், நம் கரையில் பூங்கோரை என்கிறார்கள். கண்ட இடமெல்லாம் உயிர்தான், ஆனால் ஒரே உயிர். அது அழுகியபோது தண்ணீரில் ஆக்சிஜன் வற்றியது, மீன்களும் பவளங்களும் செத்தன. பவளப்பாறையின் கணக்கு வேறு. அங்கே உயிர்வகை ஏராளம், ஒளிச்சேர்க்கையும் அதிகம். ஆனால் விளைந்தது கிட்டத்தட்ட அங்கேயே தின்று தீர்க்கப்படுகிறது. போதாததற்கு, சுண்ணாம்புக்கூடு கட்டும் வேதிவினையே கரியமில வாயுவை வெளிவிடும். பவளத்தைக் காக்கக் காரணங்கள் எத்தனையோ உண்டு, கார்பன் அதில் ஒன்றல்ல.

புல்வெளியில் விளைச்சல், உயிர்ப்பன்மை, சேமிப்பு மூன்றும் சேர்ந்து வரும், அதுவும் பல இனம் கலந்திருந்தால். என்ஹாலஸ் என்ற கடற்புல் இனம் தடித்த வேரை ஆழமாக இறக்கும். சின்ன இலை ஹலோஃபிலா இனத்தின் வேர் மேலாகவே ஓடும். இழுவைமடி வலை உழுதுபோட்ட இடத்தில் முதலில் முளைப்பது பெரும்பாலும் ஹலோஃபிலாதான். மேலிருந்து பார்த்தால் பச்சை, அடியில் சரக்கு குறைவு. அதனால் சேமிப்பை அளக்க அடிச்சேற்று மாதிரி எடுக்கும் முன் 50 செ.மீ. சதுரச் சட்டம் வைத்து இனங்களை எண்ணிக் குறியுங்கள்.

பிறகு 5 செ.மீ. உள்விட்டமுள்ள 1 மீட்டர் பி.வி.சி. குழாயை மெதுவாகத் திருகி இறக்குங்கள். அதிகம் பிசகுவது இங்கேதான். குழாய் 80 செ.மீ. இறங்கியிருக்கும், உள்ளே சேறு 68 செ.மீ.தான் நிற்கும். 12 செ.மீ. அமுங்கிவிட்டது. வெளியே இழுக்கும் முன் உள்ளும் புறமும் அளந்தால்தான் இது தெரியும். வெட்டும் ஒவ்வொரு 5 செ.மீ. துண்டும் உண்மையில் 5.9 செ.மீ. ஆழத்துக்குச் சமம். இதைத் திருத்தாவிட்டால் அடர்த்தி கூடுதலாகக் காட்டி, கார்பனும் பொய்யாக ஏறும்.

துண்டுகளை 60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி, அரைத்து, 450 டிகிரியில் 4 மணி நேரம் எரியுங்கள். சூட்டை 700, 800க்கு ஏற்றினால் சிப்பித் தூளும் பவளத் தூளும் சிதைந்து எடை குறையும், அதுவும் எரிந்த கரிமப்பொருள் போலக் கணக்கில் ஏறும். நம் மணலில் அது நிறைய. எடை இழப்பு 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதை 0.40ஆல் பெருக்கி 0.21 கழித்தால் கரிமக் கார்பன் சதவீதம் வரும். இழப்பு 4 என்றால் கார்பன் 1.39. கன செ.மீ.க்கு 1 கிராம் உலர் அடர்த்தியுள்ள சேற்றில், சதுர மீட்டருக்கு 5 செ.மீ. ஆழத்தில் 695 கிராம்.

பக்கத்து வெறும் மணலிலும் அதே எண்ணிக்கையில் குழாய் இறக்குங்கள். அங்கும் 600 கிராம் வந்தால், புல்லின் பங்கு 95 கிராம்தான்.