1,700 ஆர்பிஎம்மில் மட்டும் வந்த தகரச் சத்தம்

காலையில் காரை எடுத்து, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது காலுக்கடியில் ஒரு சத்தம். தகர டப்பாவில் நாலு ஆணியைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அதுதான். எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று (ஆர்பிஎம்) சுற்றுகிறது என்று காட்டும் முள் 1,600-ஐத் தொடும்போது ஆரம்பிக்கும், 1,700-ல் உச்சத்துக்குப் போகும், 1,900 தாண்டியதும் யாரோ கையால் அமுக்கிப் பிடித்தது போல நின்றுவிடும். இரண்டு மாதமாக இப்படித்தான். ஓட்டத்தில் குறை எதுவும் இல்லை, மைலேஜும் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு சிக்னலிலும் அந்த 1,700-ஐக் கடந்துதானே ஆக வேண்டும்?

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கீழே எட்டிப் பார்த்துவிட்டு, “ஹீட் ஷீல்டுதான் சார், கழற்றிப் போட்டுடலாம், சத்தம் போயிடும்” என்றார். சத்தம் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் ஹீட் ஷீல்டு, அதாவது சூட்டைத் தடுக்கும் அந்தத் தகடு, எதற்காக அங்கே இருக்கிறது என்று யோசித்தபோது கழற்ற மனம் வரவில்லை. புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யத் தொடங்கவே உள்ளே 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னும் பல நூறு டிகிரி ஏறும். என் வண்டியில் அதற்குச் சற்று மேலே, ஒரு பக்கமாக பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஹேண்ட் பிரேக் கேபிள் எல்லாம் போகின்றன. கீழ்ப்பக்கத் தகடு இல்லாமல் காய்ந்த புல்மேல் நிறுத்தினால் தீப்பிடிக்கவும் கூடும். ஆக, தகடு இருக்க வேண்டும், சத்தம் மட்டும் போக வேண்டும். நானே செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

முதல் ஞாயிறு: சத்தம் எங்கே?

எனக்கிருந்த பெரிய பயம், சத்தம் தகட்டில் இல்லாமல் கன்வெர்ட்டருக்குள் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான். உள்ளே தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி இருக்கும். அது உடைந்தால் துண்டுகள் உருண்டு கிட்டத்தட்ட இதே சத்தத்தைத்தான் தரும். அப்படியானால் வாஷரும் கிளாம்பும் வாங்கிப் பயனில்லை. நல்லவேளை, இதைப் பிரித்தறிவது எளிது. வண்டி ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்திருந்தபோது, ரப்பர் சுத்தியலால் கன்வெர்ட்டரை லேசாகத் தட்டினேன். உள்ளே உடைந்திருந்தால் தட்டிய பிறகும் கல் உருளும் சத்தம் கேட்கும். எனக்குக் கேட்டது மெல்லிய தகரம் ‘ஜில்’ என்று அதிர்ந்து அடங்கியது மட்டும்தான். அப்போதே பாதி கவலை விட்டது.

அடுத்து, எந்தத் தகடு? சைலன்சர் குழாய் வழியில் மூன்று இடங்களில் தகடு உண்டு. பானெட்டுக்குள், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்த்துக் குழாய்க்கு அனுப்பும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மூடியிருப்பது ஒன்று. கன்வெர்ட்டரைச் சுற்றி சிப்பி போல மேல்பாதி, கீழ்பாதியாக இருப்பது இன்னொன்று. தரைக்கு அடியில் குழாய் போகும் பள்ளத்தில் ஒட்டினாற்போல் நீளமாகப் போவது மூன்றாவது. மூன்றையும் தட்டிப் பார்த்தால் மூன்றும் ஏதோ ஒரு சத்தம் போடுகின்றன. தட்டும்போது வரும் சத்தமும் ஓடும்போது வரும் சத்தமும் ஒன்றா என்று எப்படி நிச்சயிப்பது?

இங்கேதான் ஒரு நீள மரக்கம்பு உதவியது. வண்டி தரையில், நான்கு சக்கரமும் ஊன்றி, பின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியர் நியூட்ரல். தம்பி உள்ளே உட்கார்ந்து ஆக்சிலரேட்டரைப் பிடித்துக்கொண்டான். நான் வெளியே பக்கவாட்டில் படுத்துக்கொண்டு, கம்பை மட்டும் அடியில் நீட்டினேன். எஞ்சின் ஓடும்போது வண்டிக்கு அடியில் போகக் கூடாது. தலையோ கையோ கூட வேண்டாம். கம்புக்கு மட்டும்தான் அங்கே வேலை.

“அண்ணா, ஏத்தட்டுமா?”

“1,700-ல வச்சுக்கோ, அசைக்காதே.”

சத்தம் ஆரம்பித்தது. கம்பின் நுனியால் நீளத் தகட்டின் முன் ஓரத்தை அழுத்தினேன். சத்தம் பாதியாகக் குறைந்தது. நிற்கவில்லை, குறைந்தது. அப்படியே கம்பை எடுத்துச் சிப்பியின் கீழ்ப்பாதியில் வைத்தால், மிச்சமிருந்த கரகரப்பின் குரலே மாறியது. ஆக ஒரே நேரத்தில் இரண்டு இடம். ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு, ‘என்ன செய்தும் போகவில்லையே’ என்று பலர் அலுத்துக்கொள்வது இதனால்தான் என்று அந்த நிமிடம் புரிந்தது. குழாய் சூடேறுவதற்குள், இரண்டு நிமிடத்தில் சோதனையை முடித்து எஞ்சினை அணைத்தோம். பிறகு அந்த இரண்டு இடத்திலும் சாக்பீஸால் குறி.

ஏன் 1,700-ல் மட்டும்? நான்கு சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 1,700 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 28 சுற்றுக்குச் சற்று மேல். அப்படியானால் நொடிக்கு ஏறத்தாழ 57 உதைப்பு குழாய் வழியாகத் தகட்டுக்குப் போகிறது. தளர்ந்த தகட்டின் சொந்த அதிர்வும் அதே எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இருந்தால் அது ஆடத் தொடங்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் மேலே மேலே போவது போலத்தான். தகட்டை இறுக்கிப் பிடித்தால் அதன் சொந்த அதிர்வு எண்ணிக்கை உயர்ந்து, எஞ்சினோடு சேராமல் விலகிவிடும். அதனால் இங்கே எங்கே இறுக்குகிறோம் என்பதுதான் எல்லாமே.

இரண்டாம் ஞாயிறு: கீழே இறங்கி

சமதளம், ஜாக்கியால் தூக்கி, வண்டியைத் தாங்கும் ஆக்சில் ஸ்டாண்டு இரண்டு வைத்து, வண்டியைப் பக்கவாட்டில் ஒரு முறை நன்றாக அசைத்துப் பார்த்த பிறகுதான் அடியில் போனேன். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு நிமிடம்கூடப் போகாதீர்கள். கண்ணாடி கட்டாயம், அண்ணாந்து ஸ்பேனர் திருப்பும்போது துரு நேராகக் கண்ணில்தான் விழும். கையுறையும் வேண்டும். இந்தத் தகட்டின் ஓரம் பிளேடு மாதிரி.

நீளத் தகடு ஐந்து இடத்தில் மாட்டியிருந்தது. வண்டியின் அடித்தளத்தில் பற்றவைத்த 6 மி.மீ. ஸ்டட்டுகள் (தலையில்லாத மரைக் கம்பிகள்), அதன் மேல் தகடு, அதற்கு மேல் 10-ம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் நட்டு. மூன்று நட்டு சரியாக இருந்தன. நான்காவது இடத்தில் நட்டே இல்லை. ஐந்தாவது, சாக்பீஸ் குறி போட்ட முன் மூலையில், நட்டு இருந்தது, இறுக்கமாகவும் இருந்தது. ஆனால் அது எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை.

நட்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. வட்டமாக 7 மி.மீ. இருக்க வேண்டிய ஓட்டை முட்டை வடிவத்தில் 14 மி.மீ. நீளத்துக்குப் பெருகியிருந்தது. அதைச் சுற்றி ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல மினுங்கும் வளையம். தகடு ஆடி ஆடி உரசிய இடம். மறுபக்கம் வெள்ளை மாவு. அது அலுமினியம் அரித்த தூள். இரும்பு ஸ்டட்டும் அலுமினியத் தகடும் ஈரத்தில் ஒட்டியிருந்தால் அரிப்பு அலுமினியத்தைத்தான் தின்னும். ஓட்டை நட்டின் அடிவட்டத்தை விடப் பெரிதாகிவிட்ட பிறகு, நட்டை எவ்வளவு இறுக்கினாலும் தகட்டுக்கு அது தெரியவே தெரியாது. என் வண்டியில் நடந்தது இவ்வளவுதான்.

வாஷரை மாட்டிவிட்டால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். நட்டு காணாமல் போன இடத்துக்கு அது போதும்: வெளிவட்டம் 25 மி.மீ. உள்ள அகல வாஷர், மேலே புது நட்டு. ஆனால் முட்டை ஓட்டைக்கு வாஷர் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தகடு மறுபக்கம் வளைந்து மறுபடியும் கிழியும். அதனால் 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் 40 மி.மீ. சதுரமாக இரண்டு துண்டு வெட்டி, நடுவில் 6.5 மி.மீ. ஓட்டை போட்டு, மூலைகளை அரத்தால் மழுக்கி, பழைய தகட்டை நடுவில் வைத்து மேலும் கீழுமாக அணைத்தேன். அதற்கு மேல்தான் வாஷரும் நட்டும். ஸ்டட்டை ஒயர் பிரஷால் தேய்த்து, மரை இறுகி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, சூடு தாங்கும் ஆன்ட்டி சீஸ் பசை கொஞ்சம் தடவினேன். நட்டு பிடித்த பிறகு கால் சுற்று, அவ்வளவுதான். பழைய ஸ்டட்டில் பலத்தைக் காட்டினால் முறிந்து கையில் வந்துவிடும்.

அப்புறம் சிப்பி. இரண்டு பாதியையும் சேர்க்கும் போல்ட் நான்கு. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டிருந்தும், ஒன்று தலை முறிந்தது. மிச்ச மூன்றில் ஒன்று தொட்டதும் சுற்றிக்கொண்டே இருந்தது, மரை போய்விட்டது. கன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் டிரில் வைத்துத் துளைக்க எனக்கு விருப்பமில்லை. அதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஹோஸ் கிளாம்ப், அதாவது திருகினால் இறுகும் உலோகப் பட்டை, நல்ல வழி. கன்வெர்ட்டரின் சுற்றளவுக்கு ஒரு கிளாம்ப் எட்டவில்லை என்றால், இரண்டை அவிழ்த்து ஒன்றின் வாலை இன்னொன்றின் திருகில் கோத்து ஒரே நீளமாக்கிக்கொள்ளலாம். அப்படி இரண்டு ஜோடி செய்து, சிப்பியின் முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று போட்டேன். ஆக்சிஜன் சென்சாரிலிருந்தும் அதன் ஒயரிலிருந்தும் நன்றாகத் தள்ளி; வளைந்து கொடுக்கும் பெல்லோஸ் குழாய் மேல் படாமல்; திருகு தரையைப் பார்க்காமல் பக்கவாட்டில். தரையைப் பார்த்தால் வேகத்தடையில் உரசும்.

பிளாஸ்டிக் டை போட்டால் ஆகாதா என்று தம்பி கேட்டான். நைலான் 220 முதல் 260 டிகிரிக்குள் உருகிவிடும். முதல் பயணத்திலேயே சொட்டிவிடும். நட்டு கழலாமல் இருக்கத் தடவும் சாதாரண பசையும் இந்தச் சூட்டுக்குத் தாங்காது.

எஞ்சினை ஓட விட்டதும் அடியிலிருந்து புகை. பயப்பட வேண்டாம், ஊற விட்ட எண்ணெய் எரிகிறது. திறந்த வெளியில் பத்து நிமிடம் ஓட விட்டால் தீர்ந்துவிடும். 1,700-க்கு ஏற்றினோம். தகரச் சத்தம் இல்லை! ஆனால் ‘கிணிகிணி’ என்று மெல்லிய ஒரு புதுச் சத்தம். எஞ்சினை அணைத்து முழுக்க ஆற விட்டு, மறுபடி அடியில் போய்ப் பார்த்தால், கிளாம்பின் மிச்ச வால் மூன்று விரல் நீளத்துக்கு நீட்டிக்கொண்டு சிப்பியைத் தட்டியிருக்கிறது. தகரக் கத்தரியால் வெட்டி, முனையை அரத்தால் தேய்த்து, உள்ளே மடக்கினேன். அதோடு அதுவும் போயிற்று.

அடுத்த வாரம்

காலைச் சத்தம் முழுக்கப் போய்விட்டது. ஆனால் அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, பள்ளத்தில் இறங்கினால் மட்டும் ‘டக்’ என்று ஒரு அடி. சூட்டில் மட்டும் வந்ததால் மறுபடி தகட்டைத்தான் சந்தேகப்பட்டேன். அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், 30 செ.மீ. தகடு 200 டிகிரி ஏறினால் 1.4 மி.மீ. நீளும், அதே நீள இரும்பு 0.7 தான். இந்த வித்தியாசம் குளிரில் இருக்கும் இடைவெளியைச் சூட்டில் மூடிவிடலாம், திறந்தும் விடலாம். ஆனால் இந்த முறை குற்றவாளி தகடு இல்லை. சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் ஒன்று வெடித்துப் பாதி கிழிந்திருந்தது. குழாய் தொங்கலாகி, சூட்டில் நீண்டு, பள்ளத்தில் இறங்கும்போது தகட்டில் முட்டியது. ரப்பரை மாற்றினேன். சோப்புத் தண்ணீர் தடவினால் கம்பியில் எளிதாக ஏறிவிடும். இப்போது குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே ஒன்றரை செ.மீ. இடைவெளி.

அன்றே கிளாம்புகளையும் பார்த்தேன். நான்கு திருகும் அரைச் சுற்று ஏற்றுக்கொண்டன. சூடேறி ஆறும்போது தகடு தன் இடத்தில் படிந்துகொள்ளும் என்பதால் இதை எதிர்பார்த்தேதான் இருந்தேன்.

ஆறாவது வாரம்

மழையிலும் சேற்றிலும் ஓடிய பிறகு மறுபடி தூக்கிப் பார்த்தேன். கிளாம்புகள் அசையவில்லை. 40 மி.மீ. சதுரத்துக்கு வெளியே சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தேன், துண்டு நகர்ந்தால் தெரியட்டும் என்று. கோடு மங்கலாக இருந்தாலும் துண்டின் ஓரத்தோடு அப்படியே ஒட்டி நிற்கிறது. பானெட்டுக்குள் இருக்கும் மேனிஃபோல்டு தகட்டில் ஒரு போல்ட்டைச் சுற்றி இப்போதுதான் மினுங்கும் வளையம் ஆரம்பித்திருக்கிறது. ஓட்டை இன்னும் வட்டமாகவே இருக்கிறது. அதற்கு 25 மி.மீ. வாஷர் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த முறை எஞ்சின் ஆயில் மாற்றும்போது மாட்டிவிடுவேன்.