வேப்பம்பூவும் வெள்ளிக் கம்பியும்

பங்குனி பிறந்ததும் எங்கள் கொல்லை வேம்பு பூத்துக் கொட்டத் தொடங்கிவிட்டது. ரசத்துக்காக அம்மா வெள்ளைத் துணி விரித்துப் பூ சேர்க்கிறார். அதில் தினம் ஒரு கைப்பிடி திருடிக்கொண்டு நான் பட்டறைக்கு, அதாவது பின்கட்டுத் திண்ணைக்கு, ஓடிவிடுகிறேன்.

நம் நகைகளில் மாங்காய் உண்டு, மல்லிகை மொட்டு உண்டு. பாண்டியர் சூடிய வேம்பை மட்டும் ஏனோ நான் அதிகம் பார்த்ததில்லை. சரி, நாமே செய்வோம் என்று ஒரு ஜோடித் தோட்டில் இறங்கினேன். ஐந்து இதழ், நடுவே சின்னக் குழல். பார்க்கத்தான் எளிது. சுத்த வெள்ளியில் செய்தால் இதழ் வளைந்துவிடும்; அதனால் 7.5 சதவீதம் செம்பு கலந்த 925 வெள்ளி. சுத்த வெள்ளி உருக 961 டிகிரி வேண்டும், செம்பு சேர்ந்தால் அதற்கு முன்பே இளகிவிடும். வெங்காரம் தடவி, இதழ்களை ஒட்டவைக்கும் உலோகப் பொடி வைத்து நெருப்பை ஊதும்போது ஒரு நொடி கண் பிசகினால் பூ உருண்டையாகிவிடும். நேற்று மூன்று அப்படித்தான் போயின. (பொடி வைத்துப் பேசுவது இதைவிடச் சுலபம்.)

நான்காவது தேறியது. பூந்திக்கொட்டை நீரில் கழுவி அம்மாவிடம் நீட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கசக்குமா?" என்றார்.

இன்னொரு காதுக்கு இனிமேல்தான் கம்பி இழுக்க வேண்டும்.