ஆடிப் பட்டமும் கறுப்பியும்

ஆடி பிறந்தாச்சு. மொட்டை மாடித் தொட்டிகள்ல வெண்டை, கத்தரி, கொத்தவரை விதை போட்டாச்சு. போட்ட கையோட எங்க வீட்டுப் பூனை கறுப்பி மேற்பார்வைக்கு வந்துட்டா. கிளறிவிட்ட மண்ணைக் கண்டா, தனக்குன்னே கட்டிவிட்ட கழிப்பறைன்னு நினைப்பு அவளுக்கு. அதனால தொட்டி முழுக்கக் காய்ஞ்ச குச்சிகளை நெருக்கமா நட்டு, மேல ஆரஞ்சுத் தோலைத் தூவி வெச்சேன். அந்த வாசனை பூனைக்கு ஆகாது. மூக்கைச் சுருக்கினா, முன்னங்காலை ஒருதரம் உதறினா, பக்கத்து வீட்டு மாடிக்கு நடையைக் கட்டிட்டா. அங்கயும் புதுசா கீரை விதைச்சிருக்காங்க. நான் எதையும் பார்க்கல.

மதியம் கேழ்வரகு வாழைப்பழ கேக். ஓவனெல்லாம் கிடையாது. கேஸ்கட், விசில் ரெண்டையும் கழட்டின குக்கர்ல கல்லுப்பு பரப்பி, மாவை வைக்கிறதுக்கு முன்ன 10 நிமிஷம் சூடேத்தினா, அதுவே ஓவன். பழம் மட்டும் தோல் கறுத்து, குழைஞ்சு இருக்கணும். அந்த இனிப்பை நம்பித்தான் நாட்டுச்சர்க்கரையைக் குறைக்கிறது. ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தேன், துளி மாவு ஒட்டல.

திரும்பி வந்த கறுப்பி முகர்ந்து பார்த்துட்டுக் கண்டுக்காமப் போயிட்டா. பூனை நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதை உணர்ற மரபணு அதுங்களுக்கு வேலை செய்யாது. எனக்கு ஒரு துண்டு மிச்சம்.

சரி, நூலகப் புத்தகத்தையாவது முடிப்போம்னு உக்காந்தா, விரிச்ச பக்கத்து மேலயே வந்து படுத்துட்டா. வாலைத் தூக்கித் தூக்கி எவ்வளவு நேரம்தான் படிக்கிறது? கொலைகாரன் பேரு அவ வயித்துக்கு அடியிலதான் இருக்கு.