பூட்டிய வீட்டையும் எழுதிக்கொள்ளுங்கள்

களப்பணிக்கு வரும் மாணவர்களிடம் நான் முதலில் சொல்வது, செட்டிநாட்டில் கதவு எண்ணை நம்பிக் கணக்குப் போடாதீர்கள் என்பதுதான். சிரிப்பார்கள். தெருத்தெருவாக நடந்து பூட்டுகளை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பும் மாலையில் அந்தச் சிரிப்பு இருக்காது.

பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் படிப்பான எம்.பி.எச். மாணவர்களின் களப்பணியைக் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் ஒருங்கிணைப்பது என் வேலை. தங்குமிடம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதி, யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு. இந்தியாவில் இந்தப் படிப்புக்கு வயது அதிகமில்லை. திருவனந்தபுரத்தின் அச்சுத மேனன் மையம் 1997-இல் இதைத் தொடங்கியது. நம் ஊர்ப் பொதுச் சுகாதாரச் சட்டமோ 1939-ஆம் ஆண்டினது. கொசு வளரும் தண்ணீரை அகற்ற வைக்க அதில் சுகாதாரத் துறைக்கு அதிகாரம் உண்டு. மாணவருக்கு அப்படி எதுவும் கிடையாது. வீட்டுக்காரர் சம்மதித்தால் உள்ளே போகலாம். இல்லையென்றால் வணக்கம் சொல்லிவிட்டு நகர வேண்டியதுதான். அதிகாரம் இல்லாதது நல்லது என்றே நினைக்கிறேன். கேட்டு வாங்கப் பழகுகிறார்கள்.

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்று பாடப்புத்தகம் சொல்லும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் ஏறக்குறைய அதையே சொல்லும். இங்கே மகனுக்குத் திருமணமானதும் நகரத்தார் வேறு வைத்துவிடுவார்கள். ஒரே கூரையின் கீழ் தனி அடுப்பு, தனிச் செலவு. கோயில் வரிக்குத் தம்பதியே ஒரு புள்ளி, அதாவது ஒரு கணக்கு. ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் வீட்டுக்குக் கதவு எண் ஒன்றாக இருக்கும். பங்காளிகள் பலர் இருப்பார்கள். குடியிருப்பவர் ஒருவரும் இருக்கமாட்டார். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், சாவி காவல்காரரின் இடுப்பில்.

டெங்கு கொசுப்புழு ஆய்வுக்கு வந்த ஒரு மாணவிக்கு இதுதான் சிக்கலாக நின்றது. வீட்டுக்கு வீடு தொட்டி, குடம், ஆட்டுக்கல், தேங்காய்ச் சிரட்டை என்று தண்ணீர் நிற்கும் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். நூறு வீட்டுக்குப் புழு இருந்த பாத்திரங்கள் எத்தனை என்பது பிரெட்டோ குறியீடு. வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்று அவளுடைய ஆய்வுத் திட்டத்தில் எழுதியிருந்தது. வேறு ஊராக இருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும் ஊரில் அப்படிச் செய்தால், ஆள் இருக்கும் வீடுகளை மட்டும் பார்த்துவிட்டு ஊரையே பார்த்ததாக எழுத நேரிடும். வழிகாட்டிப் பேராசிரியரிடம் தொலைபேசியில் கொஞ்சம் காரமாகவே பேசினோம். கடைசியில், பூட்டிய வீட்டுக்குத் தனிப் பத்தி போட்டு, திறக்க முடிந்தவற்றைத் தனியாக ஆராய்வது என்று முடிவானது.

திறப்பது யார்? காவல்காரர் நல்ல மனிதர். "ஆச்சியைக் கேட்காமல் நான் திறக்கமாட்டேன், அம்மா" என்றார். வீட்டுக்குரிய ஆச்சி சென்னையில் இருந்தார். காணொளி அழைப்பில் அவர் கேட்ட முதல் கேள்வி, "சினிமாக்காரர்களா?" என்பது. இரண்டாவது கேள்வி, பழைய சாமான் வியாபாரிகள் யாரும் கூட வந்திருக்கிறார்களா என்பது. டெங்குவைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. கதவு, தூண், பாத்திரம் என்று களவும் விலைபேசலும் பார்த்த குடும்பத்துக்கு இது நியாயமான வரிசைதான். சம்மதப் படிவத்தை மாணவி தமிழில் முழுவதும் படித்துக் காட்டினாள். உள்ளே எதையும் படம் எடுக்கமாட்டோம் என்ற வரியையும் சேர்த்த பிறகு ஆச்சி சரி என்றார்.

வளவு, அதாவது வீட்டின் நடு முற்றம், வானத்துக்குத் திறந்து கிடந்தது. நான்கு பக்க ஓட்டிலிருந்தும் மழைநீர் அங்கேதான் விழும். அதன் வடிகால் சுத்தமாக இருந்தது. பின்கட்டில் கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கல் தொட்டி, இடுப்பளவு ஆழத்துக்குத் தண்ணீர், மேலே வேப்பிலைச் சருகு. டார்ச் ஒளி பட்டதும் புழுக்கள் நெளிந்து அடியில் இறங்கின. சற்றுப் பொறுத்தால் மூச்சுக்காக மேலே வந்து தலைகீழாகத் தொங்கும். அகப்பையில் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினாள். காற்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழுக்களைத் தனியாக எண்ணினாள். காவல்காரர் எட்டிப் பார்த்து, இதைத் தவளைக் குஞ்சு என்றல்லவா நினைத்திருந்தேன் என்றார்.

அவள் முடித்துப் பார்த்தபோது, பூட்டிய வீடுகளில் புழு இருந்த பாத்திரங்கள் குறைவுதான். ஆள் இல்லாத வீட்டில் குடமும் வாளியும் நிரம்பியிருக்காதே. ஆனால் இருந்தவை தொட்டிகள். பிரெட்டோ கணக்கில் சிரட்டையும் ஒன்று, கல் தொட்டியும் ஒன்று. கூட்டுப்புழுவை எண்ணினால்தான் எது எத்தனை கொசுவைப் பறக்கவிடும் என்பது தெரியும். இந்தக் கொசுவின் முட்டை, தண்ணீர் வற்றினாலும் தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் தாங்கும். கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்து தொட்டியை நிரப்பினால் சுமார் பத்து நாளில் கொசு. விருந்தினர் வரும் நேரமும் அதுதான். ஆய்வேட்டில் எனக்குப் பிடித்த பக்கம் இது.

தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள் என்று கல்லூரியில் சொல்லிச் சொல்லி அனுப்புகிறார்கள். மாணவர்களும் மாநாடுகளுக்குப் போகிறார்கள், பெயர் அட்டை மாற்றிக்கொள்கிறார்கள். அதைக் குறை சொல்லமாட்டேன். வேலை அப்படியும் கிடைக்கிறது. ஆனால் பள்ளத்தூர்ப் பக்கம் அந்தத் தெருவைத் திறந்துவிட்டது காவல்காரரின் ஒரு போன். காவல்காரர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள். எந்த வீட்டுச் சாவி யாரிடம், எந்த ஆச்சி எப்போது வருகிறார் என்பது எல்லாருக்கும் அத்துபடி. யாருக்குக் காய்ச்சல் என்பதைக் கணினிக்கு முன்பே அறிந்தவர் கிராம சுகாதாரச் செவிலியர். அவரோடு தேநீர் குடிக்காமல் தரவு மட்டும் கேட்கிற மாணவரை அவர் மரியாதையாகவே காக்க வைப்பார். நான் தலையிடுவதில்லை.

ஆய்வின் முடிவை ஒரு பக்கத் தமிழில் வட்டார மருத்துவ அலுவலரிடம் கொடுத்துவிட்டுத்தான் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறேன். கொடுக்கிறார்கள், பெரும்பாலும் பஸ் ஏறுகிற அன்று.

அடுத்த அணி தை மாதம் வருகிறது. கல்யாணங்கள் நடக்கும், வீடுகள் திறந்திருக்கும், அதுவரை சரி. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் அதே வீடுகளைப் பார்த்தால்தான் ஒப்பிட முடியும் என்று கேட்டேன். பருவத்தேர்வு இருக்கிறது, நிதியும் ஒரு பயணத்துக்குத்தான் என்று பதில் வந்தது. மழைக்காலத் தொட்டிகளைக் காவல்காரர்களே பார்த்துக் குறித்துக்கொள்ள ஒரு எளிய படிவம் தயாரித்திருக்கிறேன். அதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் ஆச்சிகளின் சம்மதமும் வர வேண்டும். குழு அடுத்த மாதம் கூடுகிறது. ஆச்சிகளில் சிலர் இப்போதே சரி என்றுவிட்டார்கள்.