யுபிஎஸ் வாங்கும் முன்: குமரி மாவட்டத்து வீடுகளுக்கு

குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் கிளை லைனில் முறிந்து விழும். குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்று கம்பியைத் தின்னும். மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை, சித்திரையில் இடி வேறு. இங்கே கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ், அதாவது கரண்ட் போன நொடியில் பேட்டரியில் அதை ஓட்டும் பெட்டி, கட்டாயம் வேண்டும். எதை வாங்குவது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பெட்டியில் 600 விஏ (வோல்ட் ஆம்பியர்) என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் வாட்ஸ்; அது உண்மையில் தாங்கும் சுமை அதுதான். 600 விஏ என்றால் பொதுவாக 360 வாட்ஸ்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத டெஸ்க்டாப்பும் மானிட்டரும் சேர்ந்து 80 முதல் 120 வாட்ஸ் இழுக்கும். அதற்கு இது தாராளம். உள்ளே இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர் அவர்) பேட்டரி ஒன்று. கணக்குப்படி 84 வாட் அவர். வேகமாக இழுக்கும்போது ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். புதிதில் 15, 20 நிமிடம் நிற்கும். ஃபைலைச் சேமித்து ஷட் டவுன் செய்ய அது போதும். கிராபிக்ஸ் கார்டு போட்டு 300 வாட்ஸ் தாண்டினால் இரண்டு பேட்டரி உள்ள 1000 விஏ மாடலுக்குப் போங்கள். மணிக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் அது இன்வெர்ட்டர் வேலை, யுபிஎஸ்ஸைப் பெரிதாக்கிப் பயனில்லை.

இன்வெர்ட்டர் ஏற்கெனவே இருக்கும் வீட்டில் ஒரு சிக்கல் வரும். சதுர வடிவ மின்னலை தரும் பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் கரண்டைப் பல யுபிஎஸ்கள் ஏற்றுக்கொள்ளாது. உள்ளே ரிலே சுவிட்ச் டக் டக்கென்று மாறிக்கொண்டே இருக்கும். வீட்டில் லைட் எரியும், யுபிஎஸ் தன் பேட்டரியைத் தின்று தீர்த்து அணைந்துவிடும். லைன் கரண்டைப் போலவே சீரான அலை தரும் பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை. அதன் பின்னால் இருக்கும் சுவிட்சை யுபிஎஸ் மோடுக்கு மாற்றிவிட்டால் பல கம்ப்யூட்டர்கள் யுபிஎஸ் இல்லாமலேகூட அணையாமல் ஓடும். ஆனால் அந்த மோடில் வோல்டேஜ் சுமார் 180க்குக் கீழே போனாலே பேட்டரிக்குத் தாவும். மாலையில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் இன்வெர்ட்டரை நார்மல் மோடில் விட்டு, கம்ப்யூட்டருக்குத் தனியாக, ஏறி இறங்கும் வோல்டேஜைத் தானே சரிசெய்யும் லைன் இன்டராக்டிவ் யுபிஎஸ் வைப்பதே நல்லது. 140 முதல் 300 வோல்ட் வரை தாங்கும் மாடல்கள் கிடைக்கின்றன.

விலை கூடிய எஸ்எம்பிஎஸ்களில் (கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பவர் சப்ளை) ஆக்டிவ் பிஎஃப்சி என்ற மின்திருத்தச் சுற்று இருக்கும். மலிவு யுபிஎஸ் பேட்டரியில் ஓடும்போது தரும் படிக்கட்டு வடிவ அலையில் அவற்றில் சில, கரண்ட் போன நொடியிலேயே அணைந்துவிடும். அப்படிப்பட்ட கம்ப்யூட்டருக்கு யுபிஎஸ்ஸும் பியூர் சைன் வேவாக இருக்கட்டும்.

எர்த் சரியில்லாத பிளக்கில் யுபிஎஸ்ஸின் சர்ஜ் (திடீர் வோல்டேஜ் எழுச்சி) பாதுகாப்பு பெயரளவுக்குத்தான். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள்: பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 அளவில், பேஸுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் 2, 3 வோல்ட்டுக்குள். மூன்றாவது அளவு 10, 20 என்று காட்டினால் முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் நன்றாக இருந்தாலும் பக்கத்தில் விழும் இடியை எந்த யுபிஎஸ்ஸும் தடுக்காது. வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ரவுட்டரின் அடாப்டரையும் லேன் ஒயரையும் மறக்க வேண்டாம். ஃபைபர் கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது, ஆனால் செம்புக் கேபிள் வழியாக வரும் இணைப்பில் இடி உள்ளே வரும்.

புது யுபிஎஸ்ஸில் பல நேரம் பேட்டரியின் சிவப்பு ஒயர் கழற்றியே இருக்கும். அதை மாட்டி, 8 மணி நேரம் சார்ஜ் ஏற்றிய பிறகே லோடு கொடுங்கள். லேசர் பிரிண்டரை ஒருபோதும் இதில் செருகாதீர்கள். அதன் ஹீட்டர் இழுப்பில் ஓவர்லோடு ஆகிவிடும். ஜன்னலோரம், ஈரச்சுவர், வெயில் படும் மூலை ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் பேட்டரி ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கடலோர வீடுகளில் டெர்மினலில் பச்சை பூக்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிளக்கைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

இரண்டு, மூன்று வருடத்தில் பேட்டரி இளைக்கும். பெரும்பாலான நேரம் யுபிஎஸ்ஸை மாற்ற வேண்டியதில்லை, பேட்டரி மட்டும் போதும். கடையிலேயே தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், மீட்டர் வைத்தும் பாருங்கள்: 12.4 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் அது வெகுநாள் அலமாரியில் கிடந்த சரக்கு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டெர்மினல் 4.8 மில்லிமீட்டரா 6.3ஆ என்று பழையதைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள்; பழையதை அங்கேயே கொடுத்துவிட்டால் ஈயத்துக்கு ஏற்ப விலையிலும் கொஞ்சம் குறைப்பார்கள்.